வட்டமிட்ட சொல்லுக்கு முன்னால் இன்னும் இரண்டு சொல் இருந்தது

திசுவை மைக்ராஸ்கோப்பில் பார்த்து நோயைச் சொல்லும் பெதாலஜிஸ்ட் நான். போன வாரம் என்னிடம் ஒரு பழைய பயாப்சி ரிப்போர்ட் வந்தது. அப்பெண்டிக்ஸ் (குடல்வால்) ஆபரேஷனுக்குப் பிறகு எழுதியது. முடிவு: 'கோப்லெட் செல் கார்சினாய்டு'. யாரோ பேனாவால் 'கார்சினாய்டு' என்பதை மட்டும் வட்டமிட்டிருந்தார்கள். ரிப்போர்ட்டுக்காரர் சொன்னது: "சாதுக் கட்டிதான், எடுத்தாச்சு, இனி வர வேண்டாம்னு சொல்லிட்டாங்க டாக்டர்." இதே வார்த்தைகளை எத்தனை பேரிடம் கேட்டாயிற்று!

கார்சினாய்டு வேறு, கோப்லெட் செல் கார்சினாய்டு வேறு. கார்சினாய்டு என்பது 1907-ல் ஓபர்ன்டோர்ஃபர் என்ற ஜெர்மன் பெதாலஜிஸ்ட் வைத்த பெயர். இன்று நியூரோஎண்டோகிரைன் கட்டி, அதாவது ஹார்மோன் சுரக்கும் வகைச் செல்களில் வரும் கட்டி என்கிறோம். பெரும்பாலும் அப்பெண்டிக்ஸின் நுனியில் மஞ்சளாக ஒரு சின்ன முடிச்சு. ஒரு செ.மீ.க்குள் இருந்து முழுசாக வெளியே வந்துவிட்டால் பொதுவாக அத்தோடு சரி. 2 செ.மீ. தாண்டினால் வலப்பக்கப் பெருங்குடலையும் எடுப்பது பற்றிப் பேச வேண்டிவரும்.

கோப்லெட் செல் கட்டி அப்படி முடிச்சாக உட்காராது. சளி நிறைந்த கோப்பை வடிவச் செல்கள் சிறுசிறு கொத்தாகச் சுவருக்குள் நுழைந்துகொண்டே போகும். வெட்டிப் பார்த்தால் சுவர் கொஞ்சம் தடித்திருக்கும், அவ்வளவுதான். சில சமயம் அதுவும் இருக்காது. இது அடினோகார்சினோமா, அதாவது சுரப்பி வகைப் புற்றுநோய். நிலை கணிப்பதும் சிகிச்சை தருவதும் அந்தக் கணக்கில்தான். உலக சுகாதார நிறுவனத்தின் 2019 வகைப்பாடு பெயரையே 'கோப்லெட் செல் அடினோகார்சினோமா' என்று மாற்றிவிட்டது. பழைய பெயரைப் பல வருஷம் எழுதித் தள்ளியதும் எங்கள் ஆட்கள்தான், அதையும் சொல்லிவிடுகிறேன்.

அப்புறம் ரிப்போர்ட்டில் குழப்பும் இன்னொரு சொல், 'மியூகோசீல்'. அப்பெண்டிக்ஸ் சளியால் வீங்கியிருக்கிறது என்ற வர்ணனை அது, நோயின் பெயர் அல்ல. உள்ளே சாதாரண அடைப்பும் இருக்கலாம், 'லாம்ன்' என்று நாங்கள் சுருக்கிச் சொல்லும் குறைந்த தர சளிக் கட்டியும் இருக்கலாம். லாம்ன் செல்கள் மைக்ராஸ்கோப்பில் பரமசாது. ஆனால் சுவர் கிழிந்து சளியோடு அவை வயிற்றறைக்குள் சிந்தினால் பல வருஷம் கழித்தும் திரும்பி வரும். வீங்கிய அப்பெண்டிக்ஸை உடையாமல் எடுங்கள் என்று சர்ஜன்களிடம் நாங்கள் நச்சரிப்பது இதனால்தான்.

எடுத்த அப்பெண்டிக்ஸ் ஒவ்வொன்றும் லேபுக்குப் போக வேண்டும். வெறும் அழற்சி என்று எடுத்ததிலும் ஏறக்குறைய நூறில் ஒன்றில் கட்டி இருக்கிறது. தையல் பிரித்ததும் ஓடிவிடாதீர்கள், ரிப்போர்ட்டை வாங்குங்கள், டாக்டரிடம் காட்டுங்கள். பழைய ரிப்போர்ட்டில் 'கோப்லெட்' என்று கண்ணில் பட்டால், தயவுசெய்து, ஸ்லைடை மறுபடி பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

அந்த வட்டமிட்ட ரிப்போர்ட்டுக்காரரின் திசுவைப் பதித்து வைத்த மெழுகு பிளாக்கை அனுப்பச் சொல்லி எழுதியிருக்கிறேன். இன்னும் வரவில்லை.