புகைமூட்டம்: ஒரு சொல் விளக்கம்

2013 ஜூன் 21ஆம் தேதி நண்பகலில் சிங்கப்பூரின் காற்றுமாசுக் குறியீடு 401ஐத் தொட்டது. 300ஐத் தாண்டினாலே அபாயம் என்று சொல்லும் அளவுகோல் அது. தீ எரிந்தது சிங்கப்பூரில் அல்ல, கடலுக்கு அப்பால் இந்தோனேசியாவின் சுமத்ராத் தீவில். தென்மேற்குப் பருவக்காற்று அந்தப் புகையைக் கொண்டுவந்து சேர்த்தது. ஆங்கிலத்தில் இதை 'ஹேஸ்' என்கிறார்கள், மலாயில் 'ஜெரெபு'. சிங்கப்பூர், மலேசியத் தமிழ் நாளிதழ்கள் எழுதுவது 'புகைமூட்டம்'. இம்மூன்றில் தமிழ்ச் சொல்தான் நடந்ததை நேராகச் சொல்கிறது என்பது என் உறுதியான கருத்து.

'ஹேஸ்' என்பதன் வேர் தெளிவாக அறியப்படவில்லை. அதனோடு உறவுடைய பெயரடையை 17ஆம் நூற்றாண்டு ஆங்கிலக் கடலோடிகள் மங்கலான வானிலைக்கு வழங்கினார்கள். வானிலையியலில் இன்று அது காற்றில் மிதக்கும் உலர்ந்த நுண்துகள்களால் பார்வை மங்குவதைக் குறிக்கிறது. அந்தத் துகள் பாலைவனத் தூசியா, கடல் உப்பா, எரிந்த காடா என்று அச்சொல் சொல்வதில்லை. தானாக வந்து தானாகப் போகும் ஒன்று போன்ற மென்மை அதில் இருக்கிறது. தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியானின் உறுப்பு நாடுகள் 2002இல் கையெழுத்திட்ட உடன்படிக்கையும் இச்சொல்லையே தலைப்பில் வைத்திருக்கிறது. ஆனால், உள்ளே வரையறை எழுதும்போது நிலத்திலோ காட்டிலோ மூண்ட தீயால் எழும் புகை என்றுதான் தொடங்கவேண்டியிருந்தது! இந்தோனேசியர்கள் மூடுபனியையும் புகையையும் சேர்த்துக் 'காபுத் ஆசாப்' என்கிறார்கள். அதில் புகையாவது இருக்கிறது.

இனி 'மூட்டம்'. ஓடு–ஓட்டம், கூடு–கூட்டம் போல மூடு–மூட்டம். மேகமூட்டம் என்பதில் இருப்பது இந்த மூடுதல்தான். கூடவே 'தீ மூட்டுதல்' என்பதும் காதில் ஒலிக்கிறது. வாழைத்தாரை அறையில் அடைத்துப் புகை போட்டுப் பழுக்க வைப்பதை 'மூட்டம் போடுதல்' என்பார்கள். இராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் போனால் கரிமூட்டத்தைப் பார்க்கலாம். சீமைக் கருவேல விறகை அடுக்கி, தழையால் மூடி, மேலே மண் பூசி, உள்ளே தீ வைத்துவிடுவார்கள். காற்று அதிகம் புகாததால் சுடர் எழாது. நாள்கணக்கில் உள்ளுக்குள் கனன்று புகைந்துகொண்டே இருக்கும்.

சுமத்ராவிலும், போர்னியோத் தீவின் இந்தோனேசியப் பகுதியான கலிமந்தானிலும் நடப்பது ஏறக்குறைய இதுவே, மிகப் பெரிய பரப்பில். அங்குள்ள 'பீட்' நிலம், முழுதும் மக்காத மரமும் இலையும் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக நீரில் ஊறிப் படிந்த சதுப்பு. நீர் இருக்கும்வரை எரியாது. 1990களின் நடுவில் மத்தியக் கலிமந்தானில் சுமார் 10 லட்சம் ஹெக்டேரை நெல்வயலாக்கப் போவதாகச் சொல்லிக் கால்வாய்கள் வெட்டி நீரை வடித்தார்கள். நெல் விளையவில்லை, காய்ந்த நிலம் மட்டும் மிஞ்சியது. வேறு இடங்களில் எண்ணெய்ப்பனைக்காகவும் காகிதக்கூழ் மரங்களுக்காகவும் நீரை வடித்தார்கள். அப்படிக் காய்ந்த நிலத்தில் தீ வைத்தால் அது மண்ணுக்குள் இறங்கி, மேலே அணைந்த பிறகும் அடியில் கனன்றுகொண்டிருக்கும். பசிபிக் கடல்நீர் வழக்கத்தைவிடச் சூடாகும் 'எல் நினோ'வால் வறட்சி கண்ட 2015இல் இந்தோனேசியாவில் எரிந்தது சுமார் 26 லட்சம் ஹெக்டேர். கரிமூட்டம் போட்டவருக்கு இதை விளக்கவே வேண்டாம்.

எனவே புகைமூட்டத்தைப் பனிமூட்டம் என்று யாரேனும் எழுதினால் அது வெறும் பிழையாக எனக்குத் தோன்றவில்லை. தீயையும் தீ வைத்த கையையும் அது மறைத்துவிடுகிறது. பனிமூட்டத்தில் மிதப்பவை நீர்த்துளிகள், வெயில் ஏறினால் கலைந்துவிடும். குளிர்காலத் தில்லியில் உண்மையான மூடுபனியோடு புகை கலந்து நிற்கிறதே, அதற்குப் 'புகைப்பனி' பொருந்தும். இரண்டையும் கலந்து எழுதாமல் இருப்பது நல்லது.

ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு வரும் புகைமூட்டத்துக்கு முன்னால் போடும் 'எல்லை தாண்டிய' என்ற அடைமொழியில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. தாண்டுவதற்குக் காலும் எண்ணமும் வேண்டும். அச்சொல் புகையையே குற்றவாளியாக்குகிறது. 'எல்லை கடந்த' என்பது சற்றுத் தேவலாம். சிங்கப்பூரின் 2014ஆம் ஆண்டுச் சட்டம் பிடிக்கப் பார்ப்பது புகையை அல்ல, வெளிநாட்டில் தீக்குக் காரணமான நிறுவனங்களை. அபராதம் நாளொன்றுக்கு 1 லட்சம் சிங்கப்பூர் வெள்ளி (டாலர்) வரை போகும்.

புகைமூட்டச் செய்திகளோடு தவறாமல் வரும் இன்னொரு சொல் 'செயற்கை மழை'. இந்தோனேசியரும் 'ஹுஜான் புவாத்தான்', அதாவது செய்த மழை, என்று சொல்லிவந்தார்கள். விமானத்திலிருந்து உப்புத்தூளை மேகத்துக்குள் தூவுவதுதான் அங்கு நடப்பது. உப்பு ஈரத்தை இழுக்கும், துளிகள் பெருத்து விழும். மேகம் ஏற்கெனவே இருந்தால்தான் இது நடக்கும். கடும் வறட்சியில் ஏற்ற மேகம் அரிது. போதாததற்குப் புகைத்துகள்களே மேகத்தின் ஈரத்தைச் சின்னஞ்சிறு துளிகளாகப் பங்குபோட்டு மழையைத் தடுக்கக்கூடும். மழையையே செய்துவிடலாம் என்று நம்பவைக்கும் சொல்லை விட்டு 'மேக விதைப்பு' என்றே எழுதலாம். விதைத்தது முளைக்காமலும் போகலாம் என்பது நம்மவர்களுக்குத் தெரியும்.