டிப்ரெஷன்: அழுத்தமா, சோர்வா?

மகனின் கிளினிக் கொப்பியை நீட்டி, “டிப்ரெஷன் எண்டு எழுதிக் கிடக்கு, இது பிறஷர் மாதிரியோ?” என்று கேட்டார் யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் ஒரு தாய்.

கேள்வி பிழையில்லை. இலத்தீனில் ‘பிரெமெரே’ என்றால் அமுக்குதல், ‘டே’ என்றால் கீழே. டிப்ரெஷன் அங்கிருந்து வந்ததுதான். பத்திரிகைகள் பலவும் ‘மன அழுத்தம்’ என்றே எழுதுகின்றன. வேருக்குப் பொருந்துகிறது, நோய்க்குப் பொருந்தவில்லை. மன அழுத்தம் ஸ்ட்ரெஸுக்கு உரிய சொல். எங்கள் பக்கம் அதை ‘நெருக்கீடு’ என்றும் சொல்வோம். சோதனை முடிய நெருக்கீடு பெரும்பாலும் தளரும். டிப்ரெஷன் அப்படிப் போய்விடாது. அழுத்தம் என்று கேட்டவர்களோ இரண்டு ரியூசனை நிற்பாட்டிவிட்டு, சரி, முடிந்தது என்று இருந்துவிடுவார்கள்.

உரிய சொல் மனச்சோர்வு. ‘சோர்’ என்றால் தளர், வாடு, நழுவு. நல்ல சொல், ஆனால் ஒரு வில்லங்கம். ‘சோர்விலாள் பெண்’ என்ற குறளில் சோர்வு கடமையில் தளர்வது, மறப்பது. அந்தக் குற்றவாடை இன்னும் போகவில்லை; சோர்வு என்றால் காதில் சோம்பல் என்றே விழுகிறது.

அந்தத் தாயும் முதலில் சோம்பல் என்றுதான் ஏசினார். விடிய எழும்பமாட்டான், கேட்டால் பாய்ந்து விழுவான். நான் போனபோது மாமரத்தடியில் அவனுடைய சைக்கிள் நின்றது, பின்சில்லில் காற்றில்லை. நாள் தவறாமல் பந்தடிக்கப் போனவன் மூன்று கிழமையாக அதைத் தொடவேயில்லை.

இந்தப் பதின்ம வயதில் மனச்சோர்வு அழுகையாகத்தான் வரும் என்றில்லை, எரிச்சலாகவும் வரும். இரண்டு கிழமைக்கு மேல் அநேகமாக எல்லா நாளும் இப்படி, விருப்பமானதிலும் விருப்பமில்லை, நித்திரையும் பசியும் மாறிவிட்டது என்றால் வைத்தியரிடம் காட்டவேண்டும். 1926 என்ற தொலைபேசி இலக்கத்தில் இலங்கைத் தேசிய மனநல நிறுவனத்துடன் பேசலாம். அயல் ‘விசர்’ என்று சொல்லுமே என்ற பயத்தில் மாதக்கணக்காக ஒளித்துவைக்கிற வீடுகளும் உண்டு.

‘ஏன் படிக்கேல்லை?’ என்பதை விட்டு, ‘ராத்திரி நித்திரை வந்ததே, தம்பி?’ என்று கேட்டுப் பாருங்கள். ‘ஒண்டுமில்லை’ என்பான். பரவாயில்லை, எழும்பிப் போகாமல் பக்கத்தில் இருங்கள். சாகவேணும் போல் இருக்கிறதா என்று நேரே கேட்கவும் தயங்கவேண்டாம். கேட்பதால் அந்த எண்ணம் முளைப்பதில்லை. ஓம் என்றால் தனியே விடாதீர்கள், தோட்டத்துப் பூச்சிமருந்தைப் பூட்டிவையுங்கள், அன்றைக்கே வைத்தியசாலைக்குக் கூட்டிப்போங்கள்.