‘ஸ்கிஸம்’ மதப்பிரிவினை அல்ல, பிளவு

17-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்துப் பிரசங்கங்களைப் பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள் ‘ஸ்கிஸம்’ (schism, ஒரே திருச்சபைக்குள் விழும் கிழிசல்) என்ற சொல்லைக் கண்டதும் யோசிக்காமல் ‘மதப்பிரிவினை’ என்று போட்டுவிடுகிறார்கள். படிக்கிறவருக்கு என்ன தோன்றும்? இரண்டு மதங்கள் மோதிக்கொண்டு பிரிந்தன என்று தோன்றும். அங்கே நடந்தது அதுவே இல்லை.

சொல்லின் பிறப்பு எளியது. ‘ஸ்கிஸோ’ என்ற கிரேக்க வினைக்குக் கிழி, பிள என்று பொருள். அதிலிருந்து வந்த பெயர்ச்சொல் ‘ஸ்கிஸ்மா’. லத்தீன், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. மத்தேயு 9:16-இல் பழைய வஸ்திரத்தில் கோடித் துண்டை இணைத்தால் ‘பீறலும் அதிகமாகும்’ என்று நம் பழைய தமிழ் வேதாகமத்தில் இருக்கிறதே, அந்தப் பீறல்தான் ஸ்கிஸ்மா. சிலுவையடியில் சேவகர்கள் தையலில்லாத அங்கியை ‘இதை நாம் கிழியாமல்’ சீட்டுப்போடுவோம் என்று பேசிக்கொள்ளும் இடத்திலும் அதே வினைதான். 3-ஆம் நூற்றாண்டில் கார்த்தேஜ் பிஷப் சிப்ரியன் அந்த அங்கியைத் திருச்சபை ஒருமைக்கு அடையாளமாகக் காட்டினார். பின்னால் வந்த ஆங்கிலப் பிரசங்கிகளுக்கும் அது கைவசம் இருந்த உவமை.

இப்போது ‘மதப்பிரிவினை’க்கு வருவோம். முதல் பாதியே தவறு. இங்கிலாந்துத் திருச்சபையாரும் அதைவிட்டு விலகிய பிரெஸ்பிட்டேரியர், இண்டிபெண்டெண்டுகள் என்ற குழுவினரும் ஒரே மதத்தார், ஒரே வேதத்தைப் படித்தவர்கள். மதம் என்ற சொல்லுக்கு அங்கே வேலையே இல்லை.

இரண்டாம் பாதி இன்னும் மோசம். பிரிவினை என்றதும் தமிழனுக்கு நினைவு வருவது பாகப்பிரிவினை. அண்ணனும் தம்பியும் எல்லைக்கல் நட்டு, பத்திரம் எழுதி, பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டால் காரியம் முடிந்தது. அவரவர் பங்கு அவரவருக்கு, அதில் பாவம் ஒன்றும் கிடையாது. ஸ்கிஸம் அப்படி முடிகிற காரியம் அல்ல. இரண்டு பக்கமும் ‘முழுச் சபையும் நாங்கள்தான், கிழித்தவன் நீ’ என்று சொல்லிக்கொண்டே இருக்கும். பங்கு கேட்டு யாரும் வரவில்லை. பிளவு என்ற சொல்லில் இந்தக் குற்றச்சாட்டு இருக்கிறது. ஒன்றாக இருக்கவேண்டியது பிளந்துவிட்டது என்ற வலியும் இருக்கிறது.

இண்டிபெண்டெண்டு போதகர் ஜான் ஓவென் ஸ்கிஸத்தைப் பற்றி 1657-இல் வெளியிட்ட நூலை ‘பிரிவினை’ என்ற சொல்லோடு மொழிபெயர்த்துப் பாருங்கள், அவருடைய வாதமே நொறுங்கிவிடும். கொரிந்தியர் நிருபத்தில் பவுல் கண்டிக்கும் ஸ்கிஸம் ஒரு சபையைவிட்டு இன்னொரு சபைக்குப் போவது அல்ல, ஒரே சபைக்குள் கூடியிருந்துகொண்டே சச்சரவு செய்வது என்கிறார் அவர். ‘நான் பவுலைச் சேர்ந்தவன்’, ‘நான் அப்பொல்லோவைச் சேர்ந்தவன்’ என்று சொன்னவர்கள் எழுந்து வெளியே போகவில்லை, உள்ளேதான் இருந்தார்கள். ஆகவே வெளியேறினோம் என்பதற்காக எங்களை ஸ்கிஸக்காரர் என்று சொல்ல வேதத்தில் ஆதாரம் இல்லை என்பது அவர் கட்சி. வெளியே போகாததற்குப் பெயர் பிரிவினை என்று எழுதினால் யாருக்குப் புரியும்? பிளவு என்று போடுங்கள், உடனே புரியும்.

‘நம் வேதாகமத்திலேயே பிரிவினை என்றுதானே இருக்கிறது’ என்று கேட்பார்கள். உண்மைதான். பழைய மொழிபெயர்ப்பில் 1 கொரிந்தியர் 1:10, 11:18, 12:25 மூன்றிலும் பிரிவினைதான். 1995-இல் வந்த பொது மொழிபெயர்ப்பு 1:10-இல் பிளவு என்கிறது, அதுவே எனக்குச் சரி. 1611-இன் ஆங்கிலப் பதிப்பும் இங்கே தடுமாறத்தான் செய்தது. 1:10-இல் ‘டிவிஷன்’ என்ற பொதுச்சொல்லைப் போட்டுவிட்டு, கிரேக்கத்தில் ஸ்கிஸம் என்று ஓரத்தில் குறித்தது. 12:25-இல் ஸ்கிஸத்தையே உள்ளே வைத்து, டிவிஷனை ஓரத்துக்குத் தள்ளியது. 1582-இன் ரீம்ஸ் கத்தோலிக்கப் பதிப்போ 1:10-லேயே ஸ்கிஸம் என்றது. ஆக, இரண்டு சொல்லையும் வேறுபடுத்தித்தான் அன்றைய ஆங்கிலேயர் வாசித்தார்கள்.

‘மார்க்கபேதம்’ என்று எழுதும் இன்னொரு கூட்டமும் உண்டு. அது 1 கொரிந்தியர் 11:19-இல் வேறொரு கிரேக்கச் சொல்லுக்கு வந்தது, உபதேசக் கோணலைக் குறிப்பது. இங்கிலாந்துத் திருச்சபை அறிஞர் ஜான் ஹேல்ஸ் 1642-இல் அச்சான சிறுநூலில் மார்க்கபேதம், ஸ்கிஸம் இரண்டையும் சேர்த்து, சாதாரண வழக்கில் இவை ஆட்களைப் பயமுறுத்தக் கட்டிவைத்த சோளக்கொல்லைப் பொம்மைகள் என்கிறார். இரண்டுக்கும் ஒரே தமிழ்ச்சொல்லைப் போட்டால் இரண்டு பொம்மை எங்கே?

அப்புறம், பிரசங்கி மேற்கோள் காட்டும் வசனத்தை மொழிபெயர்ப்பாளர்கள் தாங்களாகவே புதிதாக மொழிபெயர்ப்பது. இது என்னால் தாங்கமுடியாத பழக்கம். 1680 மே 2 அன்று லண்டன் கில்டுஹால் சிற்றாலயத்தில், மேயர் முன்னிலையில், இங்கிலாந்துத் திருச்சபைப் பிரசங்கி எட்வர்ட் ஸ்டில்லிங்ஃப்ளீட் பிலிப்பியர் 3:16-ஐ எடுத்துப் பிரசங்கித்தார். ‘அதுமுதல் ஒரே ஒழுங்காய் நடந்துகொண்டு, ஒரே சிந்தையாயிருப்போமாக’ என்று நம் வேதாகமத்தில் அழகாக இருக்கிறது. இதை விட்டுவிட்டு ‘அதே விதியின்படி நடப்போம்’ என்று எழுதினால் என்ன ஆகும்? அந்தப் பிரசங்கத்தின் உயிரே ‘ஒழுங்கு’தான். திருச்சபை ஒழுங்குக்கு அடங்கி நடக்கவேண்டும் என்பது அவர் பக்கம். அது அப்போஸ்தலர் சொன்ன ஒழுங்கா, நீங்களாக ஏற்றிவைத்த ஒழுங்கா என்பது ஓவென், வின்சென்ட் ஆல்சப் போன்ற விலகியோரின் பதில். சபை ஒழுங்கு என்று இன்றும் சொல்கிற தமிழ்க் கிறிஸ்தவருக்கு இந்த வாதம் ஒரே சொல்லில் விளங்கிவிடும். கேட்டவர்கள் மனப்பாடமாக அறிந்த வசனம் அது. படிக்கிறவரும் அடையாளம் கண்டுகொள்ளும்படி வரவேண்டாமா?

சரி, நான் சொல்வது இதுதான். வசனம் வரும் இடத்தில் தமிழ் வேதாகமத்தின் வாசகத்தை அப்படியே எடுங்கள், அது பிரிவினை என்றிருந்தாலும் சரி. பிரசங்கி தன் வாயால் ஸ்கிஸம் என்னும் இடத்தில் ‘பிளவு’ போதும், தெளிவு வேண்டுமென்றால் ‘சபைப்பிளவு’. இங்கிலாந்தில் 1714-இல் ஸ்கிஸத்தின் பெயரால் வந்த சட்டம் டிஸ்ஸெண்டர்களின், அதாவது இங்கிலாந்துத் திருச்சபையைவிட்டு விலகியோரின், பள்ளிகளை ஒடுக்க வந்தது. அமலுக்கு வரவேண்டிய ஆகஸ்ட் 1 அன்றே ஆன் அரசி இறந்துபோனார், 1719-இல் சட்டம் நீக்கப்பட்டது. அதை ‘மதப்பிரிவினைச் சட்டம்’ என்றால் மதங்களைப் பிரித்துவைக்க வந்த சட்டம் என்றாகிவிடும். ‘சபைப்பிளவுத் தடைச் சட்டம்’ என்று எழுதுங்கள்.