நிரம்பாத குழியைப் பற்றித்தான் கவலைப்பட வேண்டும்

"எங்கட குழி இருபது வருசமா ஒருக்காலும் நிரம்பேல்ல ஐயா" என்று பெருமையாகச் சொல்லும் வீட்டுக்காரர்களைத் திருகோணமலையில் பல ஒழுங்கைகளில் சந்திக்கிறேன். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வேலையில் இருப்பதால், அதைக் கேட்டதும் என் கண் அவர்களுடைய கிணற்றைத்தான் தேடும். மலசலகூடக் குழிக்குள் தினமும் தண்ணீர் போகிறது, ஆனால் குழி நிரம்பவில்லை. அப்படியானால் அது வேறெங்கோ போய்க்கொண்டிருக்கிறது. கடற்கரை மணலில் அது நேரே நிலத்தடி நீருக்குத்தான் போகும்.

எங்கள் பணிமனைக்கு வரும் முறைப்பாடுகளில் அதிகம் குப்பை பற்றியவை. டிராக்டர் வரவில்லை, சந்தியில் குவிந்து கிடக்கிறது, பக்கத்து வீட்டார் பொலித்தீன் எரிக்கிறார்கள் என்று வரும். குழியைப் பற்றி யாராவது வந்து சொல்வதென்றால், அது வழிந்து ஒழுங்கைக்கு வந்த பிறகுதான். "மணம் தாங்கேலாமல் கிடக்கு" என்பார்கள். நியாயம்தான். ஆனால் வழிகிற குழியை எல்லோரும் பார்க்கிறார்கள், இரண்டு நாளில் கழிவை உறிஞ்சி ஏற்றும் பவுசரும் வந்துவிடுகிறது. மணமும் காட்டாமல், வழியாமல், அடியால் கசியும் குழி வருடக்கணக்கில் அப்படியே கிடக்கும். வயிற்றோட்டம், நெருப்புக்காய்ச்சல், செங்கண்மாரி போன்றவை ஒரு ஒழுங்கையில் அடுத்தடுத்த வீடுகளில் வரும்போது நான் முதலில் சந்தேகப்படுவது இந்த மாதிரிக் குழியைத்தான்.

ஒழுங்காகக் கட்டிய அமைப்பில் இரண்டு பகுதிகள் இருக்கும். முதலாவது, அடியும் பக்கமும் சீமெந்து பூசிய, தண்ணீர் கசியாத தொட்டி. அதில் கனமானது அடியில் படியும், எண்ணெய்த்தன்மையானது மேலே மிதக்கும், நடுவில் இருக்கும் நீர் மட்டும் அடுத்த பகுதிக்குப் போகும். அதுதான் உறிஞ்சல் குழி. அங்கிருந்து நீர் மெதுவாக மண்ணுக்குள் இறங்கும். மண் அதை வடிக்கும், கிருமிகள் வழியிலேயே சாகும். நம் பகுதியில் பழைய வீடுகள் பலவற்றில் இந்த இரண்டும் கிடையாது. கொங்கிறீற் வளையங்களை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கி, அடி போடாமல் விட்டு, மேலே ஒரு மூடி. அவ்வளவுதான். மேசன்மாரிடம் கேட்டால் "மணல் தரைதானே, தண்ணி இழுத்துக்கொள்ளும்" என்பார்கள். இழுத்துக்கொள்ளும், சந்தேகமில்லை. களித்தரையில் மெல்ல ஊரும் நீர் மணலில் வேகமாக ஓடுகிறது. கிருமி சாவதற்குத் தேவையான நேரம் கிடைப்பதில்லை.

கிணற்றுக்கும் குழிக்கும் இடையே 50 அடியாவது இருக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்த விதி. இப்போது ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பேர்ச் 272 சதுர அடி சொச்சம். 10 பேர்ச் காணி சதுரமாக இருந்தால் ஒரு பக்கம் ஏறக்குறைய 52 அடிதான். உங்கள் கிணற்றை ஒரு மூலையிலும் குழியை எதிர் மூலையிலும் வைத்தால் உங்களுக்குச் சரி. ஆனால் அந்த எதிர் மூலைக்கு மதிலுக்கு அப்பால் இருப்பது யாருடைய கிணறு? அவருடைய குழி உங்கள் கிணற்றிலிருந்து எத்தனை அடி? அலஸ்தோட்டத்திலும் திருக்கடலூரிலும் காணிகள் பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டு ஆறு பேர்ச், ஐந்து பேர்ச் என்று ஆன பிறகு இந்த 50 அடி கடதாசியில் மட்டும்தான் இருக்கிறது. இதை வீட்டுக்காரரின் குற்றம் என்று நான் சொல்ல மாட்டேன். குழாய் மூலம் நகரக் கழிவுநீரைக் கொண்டுபோகும் வசதி வீட்டு வாசலுக்கு வராத ஊரில் அவரவர் காணிக்குள்தான் எல்லாவற்றையும் முடிக்க வேண்டியிருக்கிறது.

கந்தளாய்க் குளத்துத் தண்ணீர் குழாயில் வருகிறதே, கிணறு எதற்கு என்று கேட்கலாம். குளிக்க, பாத்திரம் கழுவ, பல இடங்களில் குழாய் நிற்கும் நாட்களில் குடிக்கவும்கூட கிணறுதான். குடிநீரில் 100 மில்லிலீற்றரில் ஒரு ஈ.கோலை பக்டீரியாகூட இருக்கக்கூடாது. அது இருந்தால் மலம் கலந்திருக்கிறது என்று அர்த்தம். கொதிக்க வைத்தால் கிருமி செத்துவிடும், அது சரி. ஆனால் குழியிலிருந்து வரும் நைத்திரேற்று கொதிக்க வைத்தால் போகாது. தண்ணீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடும். உலக சுகாதார நிறுவனம் காட்டும் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். அதைத் தாண்டிய நீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால் ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் திறன் குறைந்து உடல் நீலம் பூக்கக்கூடும். அதனால் வீட்டில் கைக்குழந்தை இருந்தால் கிணற்று நீரை ஒரு தடவையாவது சோதித்துப் பாருங்கள். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேட்டால் வழி சொல்வார்கள்.

சரி, குப்பைக்கு வருவோம். அதுவும் இந்தக் கதைக்கு வெளியே இல்லை. பவுசர்காரர்கள் குழியைத் திறக்கும்போது வெளியே வருவதைப் பார்த்தால் தெரியும்: பம்பர்ஸ், சானிட்டரி நப்கின், ஷம்பு பக்கெற். இவை உக்காது, படியாது, குழாயை அடைத்துக்கொண்டு நிற்கும். மறுபக்கம், சமையலறைக் கழிவைச் ஷொப்பிங் பேக்கில் கட்டிக் கானுக்குள் எறிகிறோம். வடகீழ்ப் பருவமழை தொடங்கியதும் கான் அடைத்து, தெருவெள்ளம் வளவுக்குள் ஏறி, குழி மூடியையும் கிணற்றுக் கட்டையும் ஒரே தண்ணீர் தொடுகிறது. மழை விட்டபின் அதே யோகட் கப்பிலும் சிரட்டையிலும் நுளம்பு. 2017 மார்ச்சில் கிண்ணியாவை டெங்கு உலுக்கியது இன்னும் பலருக்கு மறந்திருக்காது. அந்த வருடம் நாடு முழுவதும் 1,86,000க்கும் மேற்பட்டவர்களுக்கு டெங்கு வந்தது. நுளம்பு பெருக இடம்விட்டால் வழக்குப் போட 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. போட்டிருக்கிறோம். வழக்குப் போட்ட வீட்டில் சிரட்டை குறைகிறது, பக்கத்து வெறுங்காணியில் கூடுகிறது.

பிரெட்ரிக் கோட்டைப் பக்கம் மான்கள் சோற்றுப் பொலித்தீனை மெல்லுவதைப் பார்த்துப் படம் எடுப்பவர்கள் உண்டு. அம்பாறைப் பள்ளக்காட்டில் குப்பை மேட்டில் மேய்ந்த யானைகள் வயிற்றில் பொலித்தீனோடு செத்தன. கொழும்பு மீதொட்டமுல்லையில் 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு அன்று குப்பைமலை சரிந்து 32 பேர் இறந்தார்கள். டிராக்டரில் ஏற்றியதோடு குப்பை முடிந்துவிட்டது என்று நினைக்கும் பழக்கம் எங்கும் ஒன்றுதான். "பிரிச்சு வைச்சாலும் ஒரே பெட்டியிலதான் கொட்டுறாங்கள்" என்று சனம் சொல்லும் குறையிலும் உண்மை இருக்கிறது, அதைச் சபைகள் சரிசெய்யத்தான் வேண்டும். ஆனால் நம் வீட்டுக் குப்பையில் பாதிக்கு மேல் உக்கக்கூடியது. அது தெருவுக்கே வரத் தேவையில்லை. வாழை, தென்னை அடியில் ஒரு முழக் கிடங்கு வெட்டித் தாட்டு, மேலே மண் போட்டால் போதும். மீன் கழிவென்றால் கொஞ்சம் ஆழமாக, இல்லாவிட்டால் நாய் கிளறிவிடும்.

இனிப் பவுசர். மூன்று, நான்கு வருடங்களுக்கு ஒரு தடவையாவது தொட்டியைத் துப்புரவாக்குவது நல்லது. மழைக்கு முன், ஓகஸ்ட், செப்டெம்பரில் செய்யுங்கள். டிசம்பரில் நிலத்தடி நீர் மேலே வந்த பிறகு எல்லோரும் ஒரே நாளில் பவுசர் தேடுவார்கள். அந்த நேரம் பிளாஸ்டிக் தொட்டியை முழுதாகக் காலியாக்கினால் கீழிருந்து வரும் நீர் அதைத் தூக்கி மிதக்கவும் விடும். எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறீர்கள் என்று சாரதியிடம் கேட்கத் தயங்க வேண்டாம். விலை குறைவாகக் கேட்பவர் இரவில் காட்டோரத்திலோ வாய்க்காலிலோ கொட்டினால் குழி இடம் மாறியதுதான் மிச்சம்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன்: குழிக்குள் யாரும் இறங்கக்கூடாது. உள்ளே தேங்கும் ஐதரசன் சல்பைட் வாயு முதலில் அழுகிய முட்டை மணமாக இருக்கும். செறிவு கூடினால் மூக்கு மரத்து மணமே தெரியாது, சில மூச்சில் ஆள் விழுவார். அவரைத் தூக்கப் போகும் இரண்டாமவரும் விழுவார். விழுந்த அலைபேசியை எடுக்கக்கூட வேண்டாம். காற்றுக் குழாயின் வாய்க்கு நுளம்பு வலை கட்டுவதும் மூடியின் வெடிப்பைப் பூசுவதும் வெளியே நின்றே செய்யக்கூடியவை.

உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் இப்போது வேறொரு வடிவம். பெரிய ஹோட்டல்களுக்குச் சுற்றாடல் பாதுகாப்பு உரிமம், சுத்திகரிப்பு நிலையம் என்று கேள்வி கேட்க ஆள் உண்டு. வீட்டுக்கு மேல் ஒரு தட்டுக் கட்டி, ஐந்தாறு அறைகளை வாடகைக்கு விடும் இடங்களில், நால்வருக்கென்று வெட்டிய குழி சீசன் நாட்களில் இருபது பேரைத் தாங்குகிறது. அப்போதும் அது நிரம்புவதில்லை. கரையில் குளிக்கும் வெளிநாட்டவருக்கும், கொஞ்சம் தள்ளியிருக்கும் புறாத்தீவுப் பவளப்பாறைக்கும் குழியிலிருந்து கசியும் அந்தப் போசணை மிகுந்த கழிவுநீர் நல்லதல்ல. அறைக்கட்டணத்தில் ஒரு சீசன் பணத்தை ஒதுக்கினால் ஒழுங்கான இரண்டு அறைத் தொட்டி கட்டிவிடலாம்.

புதிதாகக் கட்டுபவர்கள், தொட்டியின் அடி கொங்கிறீற் போட்ட பிறகு அதில் தண்ணீர் நிரப்பி ஒரு நாள் விட்டுப் பாருங்கள். மட்டம் இறங்கினால் மேசனிடம் காட்டித் திரும்பப் பூசச் சொல்லுங்கள். மேல்மூடி போடுவதற்கு முன் உங்கள் பகுதிப் பரிசோதகரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். மூடிய பிறகு வந்தால் எங்களாலும் பார்க்க ஒன்றுமில்லை.