படகுக்கு ஒரு காசு, பூங்காவுக்கு ஒரு காசு: தாய்லாந்துத் தீவுகளுக்கு ஸ்பீட்போட்டில் கிளம்பும் முன்

பூக்கெட்டிலோ கிராபியிலோ ஒருநாள் தீவுப் பயணத்துக்குப் பதிவு செய்தவர்களுக்குக் காலையில் படகுத்துறையிலேயே ஒரு சின்ன அதிர்ச்சி காத்திருக்கும். பணமெல்லாம் கட்டியாயிற்று என்ற நிம்மதியில் குழந்தைக்கு வாந்தி மாத்திரை கொடுத்துக்கொண்டிருப்போம். அப்போது ஒருவர் வந்து, "பார்க் ஃபீ, பெரியவர்களுக்கு 400 பாட், ரொக்கமாக" என்பார். ஏமாற்றுகிறார்கள் என்று சண்டைக்கு நிற்கிறவர்களும் உண்டு. பெரும்பாலும் அது ஏமாற்று இல்லை. பதிவு செய்த பக்கத்திலேயே, சின்ன எழுத்தில், "தேசியப் பூங்காக் கட்டணம் சேராது" என்று போட்டிருப்பார்கள். நாம் படத்தைப் பார்த்துவிட்டுப் பணத்தைக் கட்டியிருப்போம்.

விஷயம் இதுதான். அந்தப் படங்களில் வரும் பச்சை நீரும் வெள்ளை மணலும் கொண்ட தீவுகளில் பல, தாய்லாந்தின் தேசியப் பூங்காக்களுக்குள் இருக்கின்றன. பூங்கா என்றதும் மரமும் ஊஞ்சலும் நினைவுக்கு வரும். இங்கே கடலும் பவளப்பாறையும் சேர்ந்ததுதான் பூங்கா. அந்த நாட்டின் தேசியப் பூங்காத் துறை இவற்றை நடத்துகிறது. 2019இல் வந்த தேசியப் பூங்காச் சட்டம் அந்தத் துறைக்கு அதிகாரம் தருகிறது. படகுக் கம்பெனி நமக்கு விற்பது படகில் ஓர் இடம், மதியச் சாப்பாடு, வழிகாட்டி, நீருக்குள் பார்க்க ஒரு முகக்கண்ணாடி, அவ்வளவே. தீவில் கால் வைக்கும் அனுமதியை விற்பது அரசாங்கம். எப்போது போகலாம், எத்தனை பேர் போகலாம், எங்கே நீந்தலாம் என்பதையும் அதுதான் சொல்கிறது.

கட்டணம் பூங்காவுக்குப் பூங்கா மாறும். பிபி தீவுகள் அடங்கிய ஹாட் நொப்பரத் தாரா - மூ கோ பிபி பூங்காவில் வெளிநாட்டுப் பெரியவருக்கு 400 பாட், குழந்தைக்கு 200. சிமிலன், சுரின் தீவுகளுக்கு 500. ஜேம்ஸ் பாண்ட் தீவு இருக்கும் பாங் ஙா விரிகுடாவுக்கும், சமுய் பக்கத்தில் இருக்கும் ஆங் தோங்குக்கும் 300. குழந்தைக் கட்டணம் 3 வயது முதல் 14 வயது வரை. அதற்கும் சின்னக் குழந்தைக்குச் சீட்டு தேவையில்லை. இந்தத் தொகைகளை அவ்வப்போது மாற்றுகிறார்கள், ஆகவே கிளம்பும் முன் ஒருமுறை கேட்டுக்கொள்வது நல்லது.

தாய்லாந்துக் குடிமக்கள் இதில் ஒரு சிறு பங்குதான் கட்டுகிறார்கள். 60 வயதைத் தாண்டியவர்களுக்கு இலவசம் என்ற பலகையைப் பார்த்துவிட்டு நம் தாத்தா பாட்டியைக் காட்டிப் பயனில்லை; அந்தச் சலுகையும் அவர்கள் குடிமக்களுக்கு மட்டும். இந்தியரோ, இலங்கையரோ, பக்கத்து நாட்டு மலேசியரோ, சிங்கப்பூரரோ, எல்லோருக்கும் ஒரே வெளிநாட்டு விலை. இது அநியாயம் என்று பொங்குகிறவர்கள் மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலின் சீட்டுக் கவுன்ட்டரில் வெளிநாட்டவருக்கு என்ன விலை எழுதியிருக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிட்டு வரலாம்.

பணம் கொடுத்தால் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். பல கம்பெனிகள் எல்லோரிடமும் மொத்தமாக வசூலித்துத் தாங்களே கட்டிவிடும், அதில் தவறில்லை. ஆனால் சீட்டு உங்கள் பெயரில் செலவான பணத்துக்கு அத்தாட்சி. அதோடு, ஒரே பூங்காவுக்குள் அந்த நாள் முழுக்க அதுவே போதும். பிபியின் மாயா பே கடற்கரையில் கட்டிவிட்டு மூங்கில் தீவில் இறங்கும்போது மறுபடி கேட்டால், இரண்டும் ஒரே பூங்கா என்று சொல்லலாம். மாறாக, பயணத் திட்டம் இரண்டு பூங்காக்களைத் தொட்டால் இரண்டு சீட்டுதான். கிராபியின் ஹோங் தீவு, பிபியோடு சேராத வேறொரு பூங்காவில் இருக்கிறது என்பது பலருக்கும் அங்கே போன பிறகுதான் தெரிகிறது.

கட்டணமே இல்லாத தீவுகளும் உண்டு. பூக்கெட்டுக்குத் தெற்கே இருக்கும் ராச்சா தீவும், கோரல் ஐலண்ட் என்று விற்கப்படும் கோ ஹே தீவும் தேசியப் பூங்காவில் இல்லை. பிபி டோன் தீவின் தோன்சாய் கிராமமும் அப்படித்தான். பெரிய ஃபெர்ரியில் தோன்சாய்க்கு மட்டும் போய்வருகிறவர் 400 பாட் கட்ட வேண்டியதில்லை. துறையில் குப்பை அள்ள வாங்கும் சிறு தொகை மட்டும்தான். அந்தத் தீவுகளுக்குப் போகும் பயணத்திலும் பார்க் ஃபீ கேட்டால், எந்தப் பூங்காவுக்கு என்று கேளுங்கள்.

அடுத்தது மாயா பே. பாதிப் பேர் இந்தப் பயணத்துக்குக் கிளம்புவதே இதற்காகத்தான், அதிகம் ஏமாந்து திரும்புவதும் இங்கேதான். பிபி லே தீவில் இருக்கும் விரிகுடா அது. மூன்று பக்கமும் சுண்ணாம்புப் பாறைச் சுவர், நடுவில் சின்னதாக ஒரு கடற்கரை. ஒரு காலத்தில் நாளுக்கு 5,000 பேர் வரை அங்கே வந்து இறங்கினார்கள். ஸ்பீட்போட்டுகள் மணல்வரை ஏறி வந்து வரிசையாக நிற்கும். நங்கூரம் விழுந்த இடத்தில் பவளம் உடையும், படகின் விசிறி கிளப்பும் மணல் மீதிப் பவளத்தின் மேல் படியும். 2018 ஜூன் 1 அன்று அரசு அதை மூடியது. முதலில் நான்கு மாதம் என்றார்கள். நான்கு மாதத்தில் ஆறுகிற காயமா அது? மூன்றரை ஆண்டு கழித்து, 2022 ஜனவரி 1 அன்றுதான் திறந்தார்கள். அதற்குள் பவளக் கன்றுகளை நட்டிருந்தார்கள். கருந்துடுப்புச் சுறாக்கள் குட்டிகளோடு கரையோரம் வரத் தொடங்கியிருந்தன.

திறந்தார்களே தவிர, பழையபடி விடவில்லை. இப்போது எந்தப் படகும் விரிகுடாவுக்குள் நுழைய முடியாது. தீவின் பின்பக்கம் லோ சமா என்ற சின்ன விரிகுடாவில் மிதக்கும் துறை ஒன்று இருக்கிறது. அங்கே இறங்கி, மரப்பாதையில் நடந்து, முன்பக்கம் இருக்கும் மாயா கடற்கரைக்கு வர வேண்டும். ஒரு சுற்றுக்கு ஒரு மணி நேரம், 375 பேர் என்று வரம்பு. அங்கே நீந்தக் கூடாது. முழங்கால் அளவு நீரில் நிற்கலாம், அதற்கு மேல் போனால் காவலர் விசில் ஊதுவார். விசிலுக்கும் அசையாதவர்களால் சுறாக்களுக்குத் தொல்லை என்பது ஒரு பக்கம், அபராதம் இன்னொரு பக்கம்.

அப்புறம், ஆண்டுதோறும் ஆகஸ்ட் 1 முதல் செப்டம்பர் 30 வரை மாயா பே மூடப்படுகிறது. இந்த இரண்டு மாதத்திலும் பிபி பயணங்கள் நடக்கும், விளம்பரப் படத்திலும் மாயா பே இருக்கும். ஆனால் பயணத் திட்டத்தில் "மாயா பேயில் இறங்குதல்" என்ற இடத்தில் "மாயா பேயைப் பார்த்தல்" என்று மாறியிருக்கும். படகு வெளியே கொஞ்சம் நின்று படம் எடுக்கவிட்டுவிட்டு, அதே தீவின் பிலே குடாவுக்குப் போய்விடும். பிலே குடா அழகில் ஒன்றும் குறைந்ததில்லை, அங்கே நீந்தவும் செய்யலாம். ஆனாலும் மணலில் கால் வைக்கத்தான் வந்தேன் என்கிறவர்கள் அந்த ஒரு வார்த்தையைப் பார்த்துக் காசு கட்ட வேண்டும்.

சிமிலன் விதி இன்னும் கண்டிப்பு. மலாய் மொழியில் ஒன்பதுக்கு செம்பிலான் என்று பெயர். ஒன்பது தீவு என்பதால் சிமிலன். அக்டோபர் 15 முதல் மே 15 வரைதான் திறந்திருக்கும். மீதி ஐந்து மாதம் தென்மேற்குப் பருவக்காற்றில் அந்தக் கடலில் ஸ்பீட்போட் ஓட்டுவதே ஆபத்து, தீவுகளுக்கும் ஓய்வு. 2018இல் கொண்டுவந்த வரம்பின்படி முக்குளிப்பவர்களையும் சேர்த்து ஒரு நாளைக்கு 3,850 பேர். இரவு தங்குவதையும் அந்த ஆண்டோடு நிறுத்திவிட்டார்கள். அதாவது சிமிலன் என்றாலே இப்போது போன அன்றே திரும்பும் பயணம்தான், அல்லது முக்குளிப்பவர்கள் படகிலேயே தங்கும் பயணம். வரம்பு இருப்பதால் கூட்டமான நாட்களில் கடைசி நேரத்தில் இடம் கிடைக்காது. சிமிலனுக்கு வடக்கே கோ தாச்சாய் என்ற தீவை 2016இலேயே மூடிவிட்டார்கள். இன்னும் அந்தத் தீவில் இறக்கிவிடுவதாக யாராவது பயணம் விற்றால் வேறு கடையைப் பாருங்கள்.

இந்தத் தேதிகள் தமிழ்நாட்டுப் பள்ளி விடுமுறையோடு கொஞ்சம் முட்டிக்கொள்கின்றன. மே முதல் வாரத்தில் போனால் சிமிலன் உண்டு, கடைசி வாரத்தில் போனால் இல்லை. அந்த நேரத்தில் போகிறவர்கள் நாட்டின் மறுபக்கம், தாய்லாந்து வளைகுடாவில் இருக்கும் சமுயையும் அதன் பக்கத்தில் 42 தீவுகள் கொண்ட ஆங் தோங் பூங்காவையும் யோசிக்கலாம். அந்தப் பக்கத்துக்குக் கெட்ட காலம், நமக்கு வடகிழக்குப் பருவமழை கொட்டும் அதே மாதங்கள்தான். ஆங் தோங்கை நவம்பர், டிசம்பரில் மூடுவதும் அதனால்தான்.

சரி, பையில் என்ன வைக்கக் கூடாது? முதலில் சன்ஸ்கிரீன். 2021 ஆகஸ்டில் வந்த அறிவிப்பின்படி, ஆக்ஸிபென்சோன், ஆக்டினாக்ஸேட், 4-மெத்தில்பென்ஸிலிடீன் கேம்ஃபர், பியூட்டைல்பாரபென் ஆகிய நான்கில் ஏதாவது ஒன்று கலந்த சன்ஸ்கிரீனைத் தேசியப் பூங்காவுக்குள் கொண்டுபோகவும் கூடாது, பூசவும் கூடாது. இவை பவளத்தின் இளம் உயிர்களைக் கெடுத்து, இனப்பெருக்கத்தைத் தடுத்து, வெளிறச் செய்கின்றன என்பது துறை சொன்ன காரணம். அபராதம் 1,00,000 பாட் வரை போகலாம். ஊரிலேயே ட்யூப்பின் பின்பக்கத்தைப் படித்துப் பார்த்து, ஜிங்க் ஆக்ஸைடோ டைட்டானியம் டைஆக்ஸைடோ உள்ளதை எடுத்துவாருங்கள். அதைவிட நல்லது முழுக்கை நீச்சல் சட்டை. எண்ணெய்ப் பசையும் இல்லை, விதியும் இல்லை.

மெல்லிய பிளாஸ்டிக் பைகளுக்கும் தெர்மாகோல் பெட்டிகளுக்கும் பூங்காக்களில் தடை. ட்ரோனுக்குப் பூங்காவின் அனுமதி தனி, அந்த நாட்டில் அதைப் பதிவு செய்வது தனி. ஒருநாள் பயணத்துக்கு அந்த அலைச்சல் தேவையா என்று நீங்களே முடிவு செய்யுங்கள். மின்சிகரெட்டை நாட்டுக்குள் கொண்டுவருவதே குற்றம். மீனுக்கு ரொட்டி போடக் கூடாது, பவளத்தின் மேல் நிற்கவோ தொடவோ கூடாது. கிளிஞ்சல், மணல், உடைந்த பவளத்துண்டு எதையும் எடுத்துவரக் கூடாது. கீழே கிடந்ததுதானே என்று சமாதானம் சொன்னாலும் சட்டம் ஒத்துக்கொள்ளாது.

பூங்கா விதிகள் தீவைக் காக்க வந்தவை. நம்மைக் காக்க வேறு சட்டம் இருக்கிறது. 2008ஆம் ஆண்டின் சுற்றுலாத் தொழில் மற்றும் வழிகாட்டிச் சட்டப்படி, பயணம் விற்கும் கம்பெனிக்கு உரிமம் வேண்டும். உரிமம் பெற அரசிடம் பிணைத்தொகை கட்ட வேண்டும். வழிகாட்டிக்கும் தனி உரிமம் உண்டு, அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டியிருக்க வேண்டும். கம்பெனியின் இணையப் பக்கத்திலோ ரசீதிலோ உரிம எண் இருக்கும். கடற்கரையில் நின்று பாதி விலைக்கு அழைக்கிறவரிடம் அந்த எண்ணைக் கேட்டுப் பாருங்கள். காப்பீடு இருக்கிறதா, பெயர்ப் பட்டியலில் உங்கள் பெயர் ஏறியதா என்பதையும் கேளுங்கள். பாஸ்போர்ட் எண்ணைக் கேட்பது பெரும்பாலும் அந்தப் பட்டியலுக்குத்தான். ஏமாற்று, தகராறு எதுவானாலும் சுற்றுலாக் காவல்துறையின் எண் 1155.

உயிர்காப்பு அங்கியைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை: போடுங்கள், குழந்தைக்குக் குழந்தை அளவில் கேளுங்கள். ஸ்பீட்போட்டின் முன்பகுதி படம் எடுக்க நல்ல இடம், முதுகுக்கு மோசமான இடம். அலையில் படகு எகிறி விழும் ஒவ்வொரு அடியும் அங்கே உட்கார்ந்திருப்பவரின் தண்டுவடத்தில் இறங்கும். கர்ப்பிணிகளைப் பல கம்பெனிகள் ஏற்றுவதே இல்லை. முதுகுவலி உள்ளவர்கள் பின்பக்கம் உட்காருங்கள், அல்லது ஃபெர்ரியில் போங்கள். பூக்கெட்டிலிருந்து பிபிக்கு ஸ்பீட்போட்டில் ஒரு மணி நேரம் என்றால் ஃபெர்ரியில் இரண்டு மணி நேரம் ஆகும், அவ்வளவுதான்.

வானிலையை மட்டும் பேரம் பேச வேண்டாம். 2018 ஜூலை 5 அன்று பூக்கெட் அருகே பீனிக்ஸ் என்ற சுற்றுலாப் படகு புயல்காற்றில் மூழ்கி 47 பேர் இறந்தார்கள், எல்லோரும் சீனாவிலிருந்து வந்த பயணிகள். எச்சரிக்கை முன்பே விடப்பட்டிருந்தது. இப்போது அலை உயரும் என்று வானிலைத் துறை சொன்னால், கடல்துறை அதிகாரிகள் சிறு படகுகளைக் கிளம்ப விடாமல் நிறுத்துவார்கள். கரையிலிருந்து பார்த்தால் வெயில் பளிச்சென்று அடிக்கும், கடலும் சாதுவாகத் தெரியும். அதை வைத்து வாதாடாதீர்கள். பயணம் ரத்தானால் பணம் திரும்பக் கிடைக்குமா, வேறு நாள் மட்டும்தான் தருவார்களா என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பதிவு செய்யும்போதே எழுத்தில் வாங்கிவிடுங்கள். வேறு நாள்தான் தருவோம் என்றால் அந்த வேறு நாள் உங்கள் கையில் இருக்க வேண்டுமே. அதனால் தீவுப் பயணத்தை ஊர் திரும்புவதற்கு முந்தைய நாளில் வைக்காமல், போய் இறங்கிய மறுநாளோ அதற்கடுத்த நாளோ வைத்துக்கொள்ளுங்கள்.