"பழகின வெயிலுதான் டாக்டரம்மா"

போன மே மாதம் ஒரு மதியம். சென்னை காசிமேட்டில் தெருவோரம் உட்கார்ந்து மீன் விற்கும் ஆயா ஒருவரைப் பேரன் ஆட்டோவில் கூட்டிவந்தான். தலைசுற்றல், கெண்டைக்காலில் பிடிப்பு, காலையிலிருந்து ஒன்றுக்கும் போகவில்லை. டிரிப்ஸ் ஏறும்போதே, "பொறந்ததுலேர்ந்து பழகின வெயிலுதான் டாக்டரம்மா" என்றார். ஒன்பதாவது படிக்கும் பேரனோ, "நாம நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்துல இருக்கோம்ல, அப்படித்தான் இருக்கும்" என்றான்.

பையன் சொன்னது பாதி சரி. டார்ச்சை மேசைமேல் நேராக அடித்துக் காட்டினேன்: சின்ன வட்டம், கண் கூசும் வெளிச்சம். சாய்த்ததும் அதே வெளிச்சம் பரந்து மங்கியது. நிலநடுக்கோட்டை விட்டுத் தள்ளிப்போகப் போக வெயிலும் பொதுவாக இப்படிச் சாய்ந்துதான் விழுகிறது.

கணக்கு அதோடு முடிந்தால், நிலநடுக்கோட்டை ஒட்டியே இருக்கும் சிங்கப்பூர் நம்மைவிடக் கொதிக்க வேண்டும். அங்கே பதிவான உச்ச வெப்பமே 37 டிகிரி செல்சியஸ்தான். சென்னையில் 2003 மே 31 அன்று 45 டிகிரி! கொடைக்கானலும் நம்மைவிட நிலநடுக்கோட்டுக்கு நெருக்கம்தான்; 2,000 மீட்டருக்கு மேல் உயரம் என்பதால் குளிர்கிறது.

சிங்கப்பூரில் வருஷம் முழுக்க மேகமும் மழையும் உண்டு. சூட்டில் பெரும்பங்கு ஈரத்தை ஆவியாக்கவே போய்விடுகிறது. நமக்கு ஏப்ரல் 24 வாக்கில் சூரியன் உச்சந்தலைக்கு நேரே வருகிறது. அதற்குப் பிறகும் காய்ந்த தரை சூடேறிக்கொண்டே போக, உள்நாட்டிலிருந்து மேற்குக் காற்று அனலாக அடிக்கிறது. கடற்காற்று முற்பகலிலேயே நுழைந்தால் பிழைத்தோம். அது தாமதமாகும் நாட்களில்தான் என் கிளினிக் வாசலில் கூட்டம்.

கடற்காற்று வந்தாலும் கூடவே ஈரத்தையும் கொண்டுவருகிறது. வியர்வை வழிந்தால் போதாது, காய்ந்தால்தான் உடம்பு குளிரும். ஆயா வீடு மேல்மாடியில் ஒரே அறை. ராத்திரி பத்து மணிக்கும் சுவரில் கை வைத்தால் சுடுமாம். உடம்பு ஆறுவதற்கு ராத்திரிகூட இல்லை. வெயில் பழகுவது உண்மைதான். ஆனால் வயதானால் தாகம் சரியாகத் தெரியாது. பிரஷருக்கு, சிறுநீரை அதிகமாக்கும் நீர் மாத்திரை வேறு சாப்பிடுகிறார்.

இவ்வளவும் கேட்டபிறகு, தயங்கித் தயங்கி இன்னொன்றையும் சொன்னார். உட்காரும் இடத்தில் கழிப்பறை இல்லை. அதனால் வியாபாரம் முடியும்வரை தண்ணீரே குடிப்பதில்லை. இதே காரணத்தை எத்தனையோ பெண்கள் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் மனசு பதறுகிறது.

நீர் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். கோடை தொடங்கும்போதே டாக்டரிடம் கேளுங்கள். வெயிலில் இருந்தவர் பேச்சு குழறினாலோ, ஆள் அடையாளம் தெரியாமல் உளறினாலோ அதைச் சாதாரண மயக்கம் என்று விடாதீர்கள். உடனே 108. வண்டி வரும்வரை நிழலில் படுக்கவைத்து, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. காய்ச்சல் மாத்திரை இதற்குக் கேட்காது.

அடுத்த வாரம் பேரன் வந்தான். ஆயா கடை போடும் இடத்துக்கு எதிர்வீட்டு அக்கா, "எங்க வீட்டு பாத்ரூமுக்கு எப்ப வேணா வா ஆயா" என்று சொல்லிவிட்டாராம். இப்போது மீன் கூடையோடு ரெண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலும் போகிறது.