என் வாடிக்கையாளர் தளத்துக்கு நானே எடிட்டர்

வெப்சைட் செய்து தருவது என் தொழில். சில ஆண்டுகள் ஒரு இணைய டைரக்டரியில், அதாவது தளங்களைத் தலைப்புவாரியாகத் தொகுக்கும் பட்டியலில், சம்பளமில்லாத எடிட்டராகவும் இருந்தேன். கைத்தறிப் புடவைத் தளங்களின் பிரிவு என் பொறுப்பு. ஒருநாள் என் வாடிக்கையாளர் ஒருவரின் தளம் பட்டியலில் சேர்க்கச் சொல்லி வந்தது. அன்று மாலையே சேர்த்துவிட்டேன். நல்ல தளம்தான், விதிப்படி தப்பில்லை. அப்புறம்தான் வரிசையைப் பார்த்தேன். அதற்கு முன்னால் 11 தளங்கள் காத்துக் கிடந்தன. அதில் ஒன்று வந்து 7 மாதமாகியிருந்தது.

காசு வாங்கவில்லை, பொய் எழுதவில்லை. ஆனாலும் அது பாரபட்சம்தான்.

1998இல் தொடங்கிய டிமோஸ் டைரக்டரியிலும் எடிட்டர் தன் தளத்தைச் சேர்க்கத் தடை இருக்கவில்லை. ஆனால் தொடர்பை முன்கூட்டியே சொல்ல வேண்டும், மற்ற தளங்களைப் போலவே நடத்த வேண்டும் என்பது விதி. அது சரிதான். ஆனால் யார் எதைச் சேர்த்தார், எதை நீக்கினார் என்ற பதிவேடு எடிட்டர்களுக்கு மட்டுமே தெரிந்தது. வெளியே நிற்பவருக்கு மௌனம்தான் பதில். கூகுளே டிமோஸின் தரவை வைத்துத் தனி டைரக்டரி நடத்திய காலம் அது. இடம் கிடைக்காதவர் சந்தேகப்படாமல் என்ன செய்வார்? யாகூ டைரக்டரியில் வணிகத் தளங்களுக்கு ஆண்டுக்கு 299 டாலர் கட்டணம் இருந்தது. கட்டினாலும் இடம் உறுதியில்லை. பரிசீலித்துப் பதில் சொல்வார்கள் என்பது மட்டும் உறுதி. என்னைக் கேட்டால், அந்தப் பதிலை இலவசமாகவே தந்திருக்க வேண்டும். "ஏற்கெனவே உள்ள தளத்தின் நகல்", "சொந்த உள்ளடக்கம் இல்லை" என்று ஒரு வரி எழுத அரை நிமிடம் போதும்.

தரத்துக்கு வருவோம். தளக்காரர்கள் தங்கள் தளத்தைப் பற்றி "இந்தியாவின் நம்பர் 1 பட்டு, நம்ப முடியாத விலை!" என்று எழுதி அனுப்புவார்கள். "காஞ்சிபுரம் பட்டு, பருத்திப் புடவைகள், விலைப்பட்டியல் உண்டு" என்று மாற்றுவேன். இது சுலபம். பழைய இணைப்புகள்தான் தலைவலி. டிமோஸிலே செத்த இணைப்பைக் கண்டுபிடிக்க ரோபோசில்லா என்ற நிரல் இருந்தது. ஆனால் உயிரோடு இருந்து ஆள் மாறிய முகவரியை இப்படிப்பட்ட நிரல் எளிதில் பிடிக்காது. என் பிரிவில் ஒரு நெசவாளர் சங்கத்தின் முகவரி காலாவதியாகி, ஆன்லைன் ரம்மித் தளமாகியிருந்தது. புடவை தேடி வந்தவர்களை எத்தனை நாள் சீட்டாட அனுப்பினேனோ!

டிமோஸ் 2017 மார்ச்சில் மூடப்பட்டது. அதன் எடிட்டர்கள் சிலர் கர்லி என்ற பெயரில் தொடர்கிறார்கள். ஊர் டாக்டர்கள் பட்டியலோ, கடைகள் பட்டியலோ நீங்கள் தொகுத்தாலும் இதே சிக்கல் வரும். வந்த தேதிப்படி பாருங்கள். உங்களுக்குத் தொடர்புள்ளதை இன்னொருவர் பார்க்கட்டும்.

என் வாடிக்கையாளரின் அந்தத் தளத்தை எடுத்து வரிசையின் கடைசியில் வைத்துவிட்டு, வேறொரு எடிட்டரைப் பார்க்கச் சொன்னேன். அவரிடமும் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு கேட்டார்: "அப்போ நீங்க அங்க இருந்து நமக்கு என்ன சார் பிரயோஜனம்?"